ஓலர்ட்டன் படத்தில் ஒரு விரல் கூடுதல்

லண்டனிலிருந்து வைக்கோல் பொதிந்த பெட்டியில் படம் வந்து இறங்கியதும்தான் டோர்காஸுக்குப் போன உயிர் திரும்பியது. டெர்வென்ட் ஆற்றின் கரை முழுவதையும் சொந்தமாக வைத்திருக்கும் சர் பெரக்ரின் அன்று மதியம் விருந்துக்கு வருகிறார். அவர் சரியென்றால் ஆற்றில் அணை கட்டலாம், அவள் கணவன் ஈனக் ஓலர்ட்டனின் இரண்டாவது நூற்பாலை ஓடும். மாட்டேனென்றால் அஸ்திவாரத்தில் புல்தான் முளைக்கும்.

படத்தில் ஈனக் ராஜாவாட்டம் உட்கார்ந்திருந்தான். ஓவியர் பில்லிங் இங்கே வரைந்தது முகத்தை மட்டும். கோட்டும் கையும் லண்டனில் உடைகளை மட்டும் வரைந்து தரும் இன்னொரு ஓவியரின் வேலை. அதற்கென்று கூலிக்கு ஒருவனை உட்கார வைப்பார்கள்.

"இது யாரு கை?" என்றான் ஈனக்.

பெட்டியைத் திறக்க வந்திருந்த பில்லிங் படத்தில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டார். "உங்க கைதாங்க, ஐயா."

"என் இடது கையில சுண்டு விரல் ஏது? முதல் மில்லு தண்ணிச் சக்கரம்தான் தின்னுடுச்சே!"

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் டோர்காஸ். "பெரிய மனுஷங்க முன்னாடி முழுக் கையா இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?" அவளுக்கு ஈனக்கின் விரலில்லாத கையைப் பார்த்தாலே கூச்சம். விருந்துகளில் அதை மேஜைத் துணிக்குள் தள்ளிவிடுவாள்.

"என் மூஞ்சிக்கு எவன் கையோ எதுக்குடி? பில்லிங், எடுய்யா தூரிகையை!"

பில்லிங் விரலை மறைத்து முடிக்கவும் வண்டி வரவும் சரியாக இருந்தது.

சர் பெரக்ரின் நேரே படத்திடம் போனார். ஈரம் மினுங்கிய இடத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன ஓலர்ட்டன், விரல் ஒண்ணு குறையுதே?"

"அது உங்க ஆத்துலதான் கிடக்கு, ஐயா," என்றான் ஈனக், அசரவே இல்லை. "என் பங்கை அப்பவே போட்டுட்டேன். தண்ணியைத்தான் இன்னும் நீங்க தரலை."

பெரக்ரினின் தொப்பை சிரிப்பில் குலுங்கியது.

"கட்டிக்கய்யா உன் அணையை! ஆனா இன்னொரு விரலைப் போட்டுடாதே. அப்புறம் என் மீனுங்க ருசி கண்டுடும்."

சாப்பிட உட்கார்ந்ததும் ஈனக் வழக்கம்போல இடது கையைத் துணிக்குள் கொண்டுபோனான். டோர்காஸ் அதைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள்.

"ரொட்டியை எடுத்துக் கொடுங்க," என்றாள்.