பெயர் உரித்த டப்பாக்கள்

பின்பக்கக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணியம் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில்தான் மனைவியின் அஸ்தியைத் தஞ்சோங் டாவாய் கடலில் கரைத்துவிட்டு வந்தார். தலைக்குக் குளித்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. அதற்குள் இந்த மனுஷனுக்கு என்ன வேலை என்று மகள் வாசுகி எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் அக்கம்பக்கத்து டப்பாக்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று கோலா கெத்தில் தாமான் குடியிருப்பே திரண்டு சோறும் குழம்பும் இட்டலியுமாகக் கொண்டுவந்து கொடுத்த டப்பாக்கள். எது எந்த வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். அப்பா உரித்துவிட்டார். உரித்ததோடு விட்டாரா? தேங்காய் எண்ணெயில் ஆப்பச் சோடாவைக் குழைத்துப் பசையின்மேல் அப்பி, ஊறவைத்து, பழைய துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கழுவி, மதிலோரம் வரிசையாகக் கவிழ்த்துவைத்திருந்தார். தடவிப் பார்த்தால் விரலில் பிசுக்கு ஒட்டாது. கடையில் வாங்கிய அன்றுபோல் மினுங்கின, பாழாய்ப்போன டப்பாக்கள்.

"ஐயோ, அப்பா! என்னா பண்ணி வெச்சிருக்கீங்க? யாரோடது எதுன்னு இனிமே எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றார் மணியம், நிமிராமலே.

இது அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம். மனைவி இராசாத்தி கை ஓயாமல் சமைப்பாள், சமைத்ததை ஊருக்கே அள்ளிக் கொடுப்பாள். ஊறுகாய் பாட்டிலோ ஐஸ்கிரீம் டப்பாவோ, எது காலியானாலும் லேபிளை உரித்துப் பசை போக்கித் தருவது இவர் பங்கு. "பெரிய ஆபீஸ் கிராணி உத்தியோகம்!" என்று அம்மா நொடிப்பாள். ஆனால் அவர் கைபடாத பாட்டிலில் உப்புக்கூடப் போடமாட்டாள்.

அவள் முந்தாநாள் மத்தியானம் டிவி பார்த்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவள்தான், அப்படியே போய்விட்டாள். பக்கத்தில் வைத்த காப்பிகூட ஆறவில்லை. 'யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு சாவு' என்று வந்தவர்களெல்லாம் சொல்லிச் சொல்லி, வாசுகிக்கு அழுகைக்கு நடுவிலும் ஒரு நிறைவு வந்திருந்தது. அம்மா நன்றாக வாழ்ந்து நன்றாகப் போனாள். வாசுகியின் கவலையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான்.

அவரை நாளைக் காலையில் தன்னோடு பினாங்குக்கே அழைத்துப் போய்விடுவதென்று அண்ணன் புவனேஸ்வரன் முடிவு செய்திருந்தான். அங்கே எட்ட முடியாத உயரத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும். வாசுகியும் வேறு வழி தெரியாமல் அரை மனதாகத் தலையாட்டியிருந்தாள்.

சத்தம் கேட்டுப் பின்பக்கம் வந்த புவனேஸ்வரன் டப்பாக்களைப் பார்த்தான். தங்கையை ஓரமாக இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"பாத்தியா? அடுத்த வீட்டுச் சாமான்னுகூடத் தெரியல. அம்மா போனதுல மண்ட கொழம்பிப் போச்சி. இவர எப்படித் தனியா விடறது? கருமாதிக்குக் கூட்டிட்டு வந்துக்கலாம் லா."

வாசுகி டப்பாக்களை அள்ளி உள்ளே வைக்கப் போனாள். அப்போதுதான் மதிலின் மறுகோடியில் தனியாக இருந்த நீல மூடி டப்பா கண்ணில் பட்டது. அதில் மட்டும் பிளாஸ்திரி ஒரு முனைகூடக் கிழியாமல் இருந்தது. 'காக் ரொஹானி' என்று எழுதியிருந்தது.

"இத மட்டும் ஏன்ப்பா விட்டுட்டீங்க?"

"அது மலாய்க்காரங்க வீட்டுது. கொய் பலகாரம் கொண்டாந்து குடுத்தாங்க. பக்கத்து வீட்டு லூர்து மேரி டப்பாவுல கிறிஸ்மஸுக்குப் பன்னிக் கறி வெச்சிருக்கும். ரெண்டும் மாறிப்போனா அந்தம்மா மொகத்துல எப்படி முழிக்கிறது? தனியா கழுவி வெச்சிருக்கேன். நீயே கொண்டு போயிக் குடுத்துடு."

மண்டை குழம்பின மனுஷன் பேசுகிற பேச்சா இது? வாசுகி அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்ப மத்ததெல்லாம் தெரிஞ்சேதான் உரிச்சீங்களா?"

மணியம் துணியைப் பிழிந்து உதறினார்.

"பேரு இருந்தா நீ வீடு வீடாப் போயிக் குடுத்துட்டு வந்துடுவ. அதோட சரி. சாவு வீடுன்னு அப்பறம் ஒருத்தரும் படியேற மாட்டாங்க. பேரு இல்லன்னா அவங்கவங்க வந்துதான பாத்து எடுத்துக்கணும்?" துணியைக் குழாய்மேல் விரித்துப் போட்டார். "ஒங்கம்மா இருக்கிறப்ப சாயங்காலமானா வாசல்ல ஒரே பொம்பளைங்க சத்தம். எனக்கு அது வேணும்மா. பினாங்குல நான் யார் சத்தத்தக் கேக்கறது?"

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று உட்கார்ந்திருந்த அப்பாவை வாசுகி பார்த்தாள். அம்மா போனதிலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றாள்.

"லூர்து மேரி ஆண்ட்டி! டப்பால்லாம் பேரு போயிடிச்சி. வந்து பாத்து எடுத்துக்குங்க. காஞ்சனாக்காகிட்டயும் சொல்லிடுங்க!"

லூர்து மேரியிடம் சொன்னால் தாமானுக்கே தண்டோரா போட்டமாதிரி. வெயில் தாழ்வதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். முதலில் கேட்டருகே தயங்கி நின்றார்கள். துக்க வீட்டில் டப்பா கேட்பதா என்ற கூச்சம். டப்பாவைக் கையில் எடுத்ததும் கூச்சம் எங்கே போனதோ!

"இது என்னுது. மூடி இந்த எடத்துல வளைஞ்சிருக்கும்," என்றாள் எதிர்வீட்டுக் காஞ்சனா.

"ஒன் மூடி வளைஞ்சா டப்பா ஒன்னுதாயிடுமா? அடியப் பாரு லா, நான் அடுப்புகிட்ட வெச்சு உருகின எடம்!" லூர்து மேரி பிடுங்கிக்கொண்டாள். "அண்ணே, இப்படிப் புதுசாத் தேச்சு வெச்சா நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்க வீட்டுல கூடப் பசையோட நெறைய பாட்டில் கெடக்கு."

"கொண்டாம்மா," என்றார் மணியம். "எண்ணெ மட்டும் ஒன் வீட்டுது."

வாசல் கொல்லென்று சிரித்தது. கதவருகே நின்ற புவனேஸ்வரன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அப்பா இங்கயே இருக்கட்டும்," என்றாள் வாசுகி. "நான் இருக்கிற சுங்கை பட்டாணி என்ன தூரமா? நான் வந்து வந்து பாத்துக்கறேன்."

அவன் வாசல் நிறைய நின்ற பெண்களைப் பார்த்தான். பிறகு, "சரி லா," என்றான். "அதான் தாமானே காவலுக்கு இருக்கே."

பேச்சு நீண்டு, விளக்கு வைக்கிற நேரமாயிற்று. லூர்து மேரி டப்பாக்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். கேட்டைத் தாண்டியவள் பழக்க தோஷத்தில் திரும்பி, "வரேண்ணே," என்றாள். சொன்ன பிறகுதான் சுரீரென்றது. சாவு வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். மற்ற பெண்களும் மணியத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாம்மா," என்றார் மணியம். "கேட்டச் சாத்தாதே. தெறந்தே இருக்கட்டும்."

காஞ்சனா குனிந்து, கையிலிருந்த வளைந்த மூடிக்குப் பொருந்துகிற டப்பாவை மறுபடியும் தேடத் தொடங்கினாள்.