இலவசப் பரிசோதனை

கிளினிக் வாசலில் காரை நிறுத்தியதும் ரோண்டா கணவன் டெல்பர்ட்டை மறுபடி ஒப்பிக்கச் சொன்னாள்.

"டாக்டர் என்ன கேப்பாங்க?"

"உடம்புல ஏதாவது தொந்தரவு இருக்கான்னு."

"நீ என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் இல்ல, ஜோரா இருக்கேன்."

"முழங்கால்?"

"எனக்கு முழங்காலே கிடையாது."

ரோண்டாவுக்குத் திருப்தி. காப்பீடு இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனைக்குக் காசு கட்ட வேண்டாம். நோயாளி எந்த நோயையும் சொல்லாதவரைக்கும்தான் இந்தச் சலுகை. 'இங்கே கொஞ்சம் வலிக்கிறது' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், பரிசோதனை வைத்தியமாகிவிடும். பில் தபாலில் வரும். பக்கத்து வீட்டு லைல் போன வருடம் பேச்சுவாக்கில் தோள்பட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அமெரிக்காவின் ஓஹையோவில் தவளைகளைப் பற்றிய பழமொழி அல்ல.

டெல்பர்ட்டுக்கு அறுபத்தொரு வயது. டயர் கடையில் வேலை. வருடா வருடம் வைத்தியச் செலவில் முதல் ஏழாயிரம் டாலரை அவன் கையிலிருந்து எடுத்து வைத்த பிறகுதான் காப்பீட்டு நிறுவனம் கண்ணைத் திறக்கும். அறுபத்தைந்து வயதில் அரசாங்கக் காப்பீடு வந்துவிடும். அதுவரை உடம்பு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த ஊரில் பாதிப் பேருடைய வைத்திய முறை.

முழங்கால் ஒரு பொருட்டே இல்லை. வசந்தகாலத்திலிருந்து, படி ஏறினால் நெஞ்சில் யாரோ லாரி டயரை ஏற்றி வைத்ததுபோல் அழுத்தியது. ரோண்டாவிடம்கூட அவன் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவாள், வீட்டை அடமானம் வைப்பாள். அவனுக்குப் பயமாக இருந்தது. சாவுக்குப் பாதி, பில்லுக்குப் பாதி.

அதனால் ஒரு திட்டம் வைத்திருந்தான். தானாக வாய் திறக்கக் கூடாது. டாக்டரே கண்டுபிடித்தால் அது அவர் பாடு. நோயாளி சொல்லாத நோய்க்கு யார் காசு கேட்பார்கள்? வலியோடு போய் உட்கார்ந்தால் போதும்.

"நீ லிஃப்ட்ல வா. நான் படியேறி வரேன்."

"என்ன திடீர்னு?"

"போன வருஷம் நடக்கச் சொன்னாங்கல்ல."

மூன்றாம் மாடிக்குள் வலி சொன்னபடி வந்துவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. இப்போது கூப்பிட்டால் கச்சிதம். யாரும் கூப்பிடவில்லை. காத்திருந்த அறையின் தொலைக்காட்சியில் ஒருத்தி மாவு பிசைந்து, ஆப்பிள் பை சுட்டு, ஆறவைத்து, வெட்டிப் பரிமாறியும் விட்டாள். அதற்குள் வலி கிளம்பிப் போய்விட்டது.

டாக்டர் ஹாஃப்மன் இளம்பெண். கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏதாவது தொந்தரவு இருக்கா, மிஸ்டர் கிரப்ஸ்?"

"ஜோரா இருக்கேன், டாக்டர்."

ஸ்டெதாஸ்கோப் நெஞ்சில் பட்டது. கண்டுபிடி தாயே என்று டெல்பர்ட் மனசுக்குள் கெஞ்சினான்.

"நல்லா இருக்கு. இப்படியே வச்சுக்கோங்க. அடுத்த வருஷம் பாப்போம்."

டெல்பர்ட்டுக்கு அழுகை வரும்போல் இருந்தது. டாக்டர் எழுந்து கதவைத் திறந்தார்.

"படியில உக்காருறான்," என்றாள் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரோண்டா.

டாக்டர் திரும்பினார்.

"வீட்டு மாடிப்படியில. பாதி ஏறினதும் உக்காந்து ஷூ லேஸ் கட்டுறான். கால்ல கிடக்கிறது ரப்பர் செருப்பு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே கட்டுறான்."

"ரோண்டா, வாயை மூடு! பில் போட்டுருவாங்க!"

"போடட்டும். எனக்கும் அந்தப் பயம்தான், அதான் இத்தனை நாளா பாக்காத மாதிரி இருந்தேன். ஆனா அடுத்த வருஷம்னு சொன்னாங்க பாரு, அதை என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல, பாவி மனுஷா."

டாக்டர் கதவைச் சாத்தினார். அவன் நெஞ்சில் வயர்களை ஒட்டி எடுத்த காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

"ஆம்புலன்ஸ் வேண்டாம்!" என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில். அதற்குத் தனி பில். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. கடைசியில் சக்கர நாற்காலியில் வைத்துக் காருக்குக் கொண்டுவந்தார்கள்.

ரோண்டா வாழ்க்கையில் முதல்முறையாகச் சிவப்பு விளக்கைத் தாண்டினாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

ஒண்ணும் இல்ல என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"வலிக்குது," என்றான். "ரொம்ப நாளா வலிக்குது, ரோண்டா."

அவள் ஒரு கையில் ஸ்டீயரிங்கும் ஒரு கையில் அவன் கையுமாக அழுதுகொண்டே ஓட்டினாள். இவளிடம் சொல்லியிருந்தால் யாரும் பில் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது டெல்பர்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.