மூன்றாவது நாற்காலி

அன்று நல்ல மழை. என் கணவர் தன் தையற்கடை வாசலில் சைக்கிளைத் தெருவிளக்குக் கம்பத்தில் சாய்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. கம்பத்தில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது.

மாநகராட்சிக்குப் போனேன். "தெருவிளக்கெல்லாம் லைட் கம்பெனி பொறுப்பும்மா" என்றார்கள். கம்பெனிக்குப் போனேன். "நாங்களே மாநகராட்சிக்குச் சொந்தம். ஓனரப் போய்க் கேளுங்க" என்றார்கள். இரண்டும் ஒரே கட்டடம், கீழும் மேலும். கம்பம் கசிவது முன்பே தெரியுமா என்ற ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படியில் ஏறி இறங்கினேன்.

கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தைப் பொதுமக்களும் பார்க்கலாம் என்று தெரிந்ததும் நாத்தனாரோடு போய் உட்கார்ந்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் கம்பெனித் தலைவரின் நாற்காலி, அந்தப் பக்கம் உரிமையாளரின் நாற்காலி. இரண்டுமே மேயருக்குத்தான்; கம்பெனிக்குத் தலைவரும் அவரே, மாநகராட்சி சார்பில் உரிமையாளரும் அவரே. இரண்டு பதவியும் ஒன்றாகிவிடக் கூடாதென்று வக்கீல் சொன்ன ஏற்பாடாம்.

மேயர் இந்தப் பக்கம் உட்கார்ந்து அறிக்கை வாசித்தார். சிறப்பான ஆண்டாம். "உரிமையாளருக்குக் கேள்வி உண்டா?" என்று எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணி, இந்தாளு இனி எழுந்து போய்த் தனக்குத்தானே பதில் சொல்லுவாரு பாருங்க" என்றாள் நாத்தனார்.

அவர் எழுந்து வருவதற்குள் நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"உண்டு. அந்தக் கம்பம் கசியுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மேயர், பக்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த செயலாளரைப் பார்த்தார். செயலாளர் குனிந்து, "சார், உரிமையாளர் பேச்ச அந்தப் பக்கத்து நாற்காலியிலேர்ந்துதான் பதிவு பண்ணணும்" என்று முணுமுணுத்தார். சங்கடம் எல்லாம் நாற்காலியைப் பற்றித்தான். உட்கார்ந்திருந்தவளைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை.

"எழுந்திருங்கம்மா" என்றார் மேயர்.

"பதில் சொல்லுங்க, எழுந்திருக்கிறேன்."

பியூன் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து எனக்கருகே போட்டார். மேயர் சுற்றி வந்து அதில் உட்கார்ந்து, "கேள்வி இல்லை" என்றார். திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து உரிமையாளருக்கு நன்றி சொன்னார். கூட்டம் முடிந்தது.

"ரெண்டு பேருக்குள்ள என்ன ஒத்துமை!" என்றாள் நாத்தனார், அவர் காதில் விழும்படி.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கட்டட வாசலில் இருந்த கம்பத்தைக் கண்டதும் என் கால் தானாகவே நின்றது. அடியிலிருந்து ஆளுயரத்துக்கு அதற்குக் கறுப்பு ரப்பர் சுற்றியிருந்தார்கள். பின்னாலேயே செயலாளரோடு குடை பிடித்து வந்த மேயருக்கு என்மேல் திடீரென்று கருணை பிறந்தது.

"பயப்படாம போங்கம்மா. ஊர்ல கம்பமெல்லாம் கசியுதுன்னு சொன்னதும் நம்ம வாசல்ல இருக்கிறதுக்கெல்லாம் போன வருஷமே சுத்திட்டோம்."

என் கணவர் இறந்தது இந்த வருஷ மழையில்.

நான் செயலாளரைத் திரும்பிப் பார்த்தேன். "இப்பச் சொன்னாரே, இத எழுதிக்குங்க."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"கூட்டம் முடிஞ்சிருச்சும்மா."