மூன்று சென்டிமீட்டர்

பிளஸ் ஒன் இயற்பியல் டீச்சருக்குப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் பொறுக்காது. வீட்டிலும் பக்கத்திலுமாக மூன்று பேர் விழுகிற ஸ்கேலை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார்கள் என்று அளந்து எழுதிவரச் சொல்லிவிட்டார். வேலை சுலபம். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலின் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். கீழ்நுனியில் எதிராளி இரண்டு விரலை விரித்து வைத்திருப்பார். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு, எத்தனை சென்டிமீட்டர் விழுந்தபிறகு பிடித்தார் என்று பார்த்தால் நேரம் கணக்கில் வந்துவிடும்.

ஷாலினி அம்மாவிடமிருந்து தொடங்கினாள். செவ்வந்தி கரும்பு வெட்டிக் காய்த்துப்போன விரலோடு இருபத்தொன்றில் பிடித்துவிட்டு, மீன் வாங்கக் கிளம்பினாள். பக்கத்து வீட்டு அய்யப்பனுக்குப் பதினெட்டு. கபடியில் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவன் பீற்றிக்கொள்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

அன்றைக்கு மீன் வாங்கக் காரணம் இருந்தது. அப்பா கலையரசன் மறுநாள் காலை மறுபடி ஜீப் எடுக்கப்போகிறார். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஆளேற்றிக்கொண்டு பதினைந்து வருஷம் ஓட்டியவர். போன வருஷம் ஜூனில் கருணாபுரமே அந்த மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்துத் தெருத்தெருவாகப் பாடை கட்டியபோது, அவரும் குடித்திருந்தார். உயிர் தப்பியது. கண் மட்டும் மங்கல் என்றார். பிறகு, சரியாகிவிட்டது என்றார். வீட்டில் நம்பினார்கள். நம்பாமல் வேறு என்னதான் செய்வார்கள்?

"இங்க வாப்பா, உன்ன அளக்கணும்."

"என்னயா? டிரைவர் கை பாத்துக்க" என்று சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார்.

மூன்று சென்டிமீட்டர். மறுபடி விட்டாள். நான்கு. மறுபடி மூன்று.

ஷாலினிக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கப்பாவை யாராலும் அடிச்சுக்க முடியாது என்று கணக்குப் போட்டாள். ஒரு நொடியில் நூறில் எட்டுப் பங்கு. அப்போதுதான் டீச்சர் சொன்னது உறைத்தது. நூறில் பத்துக்குக் கீழே எந்த மனிதனாலும் பிடிக்க முடியாது. வந்தால் அளவில் ஏதோ பிழை.

பிழை எங்கே? ஸ்கேல் சரி, கணக்கும் சரி. யோசித்தாள். விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தான் மூச்சை இழுத்துப் பிடிப்பது நினைவுக்கு வந்தது. அந்தச் சத்தம் அப்பாவுக்குக் கேட்கும்.

"இன்னொரு வாட்டிப்பா."

ஸ்கேலைத் தொங்கவிட்டாள். மூச்சை இழுத்தாள். கையை விடவில்லை.

கலையரசனின் விரல்கள் சட்டென்று ஸ்கேலின் அடிநுனியைக் கவ்வின. "புடிச்சிட்டேன்! எத்தினி?"

மேல்நுனி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதை அவர் நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என் மூஞ்சி தெரியுதாப்பா?"

"கம்மல் தெரியுது. சடை தெரியுது. நடுவுலதாம்மா ஒரே புகை. அம்மாகிட்ட சொல்லாத. மலை ரோடு எனக்கு மனப்பாடம். வளைவெல்லாம் கைக்கே தெரியும்."

"எதிர்ல பஸ் வந்தா?"

"ஆரன் அடிப்பான் இல்ல?"

"ஆடு ஓட்டிக்கினு ஒரு கொழந்த ரோட்டுல நின்னா? அது ஆரன் அடிக்குமா?"

ஷாலினி அழுதுகொண்டே ஜீப் ஓனர் ராமசாமிக்குப் போன் போட்டாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்றுதான் இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. ஸ்பீக்கரில் "சொல்லும்மா" என்ற குரல் வந்ததும் அவள் அழுகை கூடிவிட்டது.

கலையரசன் துழாவி அவள் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நான்தாண்ணே. நாளைக்கு வண்டி எடுக்க முடியாது. கண்ணு தெரியல."

வாசலில் மீன் பையோடு செவ்வந்தி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

ராமசாமிக்கு விளங்கவில்லை. கண்வலி என்று நினைத்தாரோ என்னவோ. "அதுக்கின்னாப்பா, ரெண்டு நாள் மருந்து வுட்டுக்கினு, புதன்கெழம வந்து எடு" என்றார்.

"புதன்கெழமயும் தெரியாதுண்ணே" என்றார் கலையரசன்.