படத்தில் வராத கை

எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவனிடம் யாரும் சிரித்த முகத்தோடு வந்ததில்லை. அவன் தங்கைதான் முதல் ஆள். வந்தவள் வலது கையையும் போனையும் சேர்த்து நீட்டினாள்.

“இதைக் கையோட வச்சுக் கட்டிடுண்ணா. ஒரு வாரத்துக்கு.”

“கை நல்லாத்தானே இருக்கு. மண்டையில ஏதாவது உடைஞ்சிருக்கா?”

அவள் நிகழ்த்துகலைக்காரி. கண்காட்சிக் கூடத்தில் மேஜைமேல் கையை ஊன்றி ஏழு நாள் உட்காரப் போகிறாள். கட்டுக்குள் இருக்கும் போன் அவள் முகத்தை விடாமல் படம் பிடிக்கும். அந்தப் படம் பின்சுவர் முழுக்கத் தெரியும், இணையத்திலும் ஓடும். போன் நம் உடம்பில் ஓர் உறுப்பாகிவிட்டது என்று காட்டுகிறாளாம். அதற்கு எதற்கு இத்தனை பாடு, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் போதாதா என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் ஒரே தங்கை. இந்த ஒரு வாய்ப்புக்காக நாலு வருடம் நாயாக அலைந்தவள்.

பஞ்சைச் சுற்றி, நனைத்த மாவுத்துணியை எடுத்தான்.

“நீளவாக்குல ஒரு பிளவு விட்டுடறேன். கை வீங்கினா இடம் வேணும்.”

“வேண்டாம்ணா, பாக்க அசிங்கமா இருக்கும். உடையாத கை எதுக்கு வீங்கப் போகுது?”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வாயை மூடச் சொல்லியிருப்பான். தங்கையிடம் அவன் படித்த வித்தையெல்லாம் எடுபட்டதே இல்லை. பிளவு விடாமல் கட்டினான். விரல் நுனிகளும் போனின் கேமராக் கண்ணும் சார்ஜ் வயரும் மட்டும் வெளியே தெரிந்தன.

“ஒண்ணுன்னா உடனே சொல்லணும்.”

“இடது கைக்கு இன்னொரு போன் வச்சிருக்கேன். மெசேஜ் போடறேன், போதுமா?”

அதன்பிறகு அவன் வேலைக்கு நடுவில் போனைத் தண்ணீர் வாளிமேல் சாய்த்து வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் பளிச்சென்று இருந்தது. கட்டுக்குள் விரல் அசையும்போதெல்லாம் படம் லேசாகத் துள்ளியது. கை எடுக்கிற படத்தில் எல்லாம் வரும், அந்தக் கை மட்டும் வராது. இத்தனை வருடம் கைகளைப் பார்த்தே சோறு தின்றவனுக்கு அது உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் நர்ஸம்மா அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்தார்.

“உங்க தங்கச்சி நல்லாப் பழகிட்டாங்க போல. படம் ஆடவே இல்ல பாருங்க.”

பார்த்தான். அவள் கண் சிமிட்டினாள், இடது கையால் தண்ணீர் குடித்தாள். படம் சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. ஒரு நிமிடம் பார்த்தான். இன்னொரு நிமிடம் பார்த்தான். உயிருள்ள கை இப்படிச் சும்மா இருக்காது. கட்டு வெட்டும் ரம்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஓடினான்.

கூடத்தில் கூட்டம் இருந்தது. மேடையேறி அவள் விரல் நுனிகளைத் தொட்டான். ஜில்லென்றிருந்தன, சாம்பல் நிறத்தில் இருந்தன. தொட்ட பிறகும் அவன் கண் பின்சுவருக்குத்தான் போனது. அங்கே அவள் நன்றாக இருந்தாள். ஒன்றுமில்லை, வீணாகப் பயந்துவிட்டோம் என்று ஒரு கணம் நினைத்தான். அந்த ஒரு கணத்துக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

“என்னண்ணா பண்றே? இன்னும் ரெண்டு நாள் இருக்கு! எல்லாத்தையும் கெடுத்துடாதே!”

ரம்பத்தை ஓட்டினான். இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து ஜனங்கள் நெருங்கி வந்தார்கள், சிலர் கைதட்டினார்கள். கட்டு இரண்டாகப் பிளந்தது. கை போனை விடவில்லை. அவன்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தான். அவள் அதை வேறு யாருடைய கையோ போல வேடிக்கை பார்த்தாள்.

அவனுடைய ஆஸ்பத்திரியிலேயே, அவனைத் தினமும் பார்க்கிற டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டு ஏன் பிளக்காமல் போடப்பட்டது என்று அவர் கேட்கவில்லை. அதுவே அவனைக் கொன்றது.

“வலி எப்ப நின்னுச்சு? சரியான நேரம் வேணும். கட்டுக்குள்ள கை வீங்கி, ரத்த ஓட்டம் நின்னு எட்டு மணி நேரம் தாண்டியிருந்தா கையைக் காப்பாத்தறது கஷ்டம்.”

“நேத்து,” என்றாள் தங்கை. “அண்ணாவுக்கு அப்பவே மெசேஜ் போட்டேன். அதுல நேரம் இருக்கும்.”

அப்படி எதுவும் வரவில்லை என்று சத்தியம் செய்யக்கூட அவன் தயாராக இருந்தான். போனைத் திறந்தான். நேற்றுக் காலை ஒன்பது நாற்பது.

‘அண்ணா, வலி சுத்தமா போயிடுச்சு. விரல் இருக்கிறதே தெரியல. நல்லதுதானே?’

அதன் கீழே ஒன்பது நாற்பத்தொன்றுக்கு அவனுடைய பதில் இருந்தது. உயர்த்திய கட்டைவிரல் ஒன்று.

“எத்தனை மணிக்கு?” என்றார் டாக்டர்.

அதற்குள் அவன் கட்டைவிரல் அந்தப் பதிலின்மேல் போய் அழுந்தியிருந்தது. அழித்துவிடவா என்று போன் கேட்டது. தங்கை படுக்கையிலிருந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.