காதுக்கு மட்டும் அனுமதி

ஆட்சிகளை ஆட்டிவைக்கவும் ஆணவத்தை மண்டியிடச் செய்யவும் வல்ல ஒரே சக்தி கேலிச்சித்திரக்காரனின் கோடுதான் என்று கார்ட்டூனிஸ்ட் உரக்கச் சொன்னார். சொல்லும்போது அவர் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தார். உருண்டோடிப்போன பிரஷ் பேனா கைக்கு எட்டாமல் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

"ஆணவத்தை அப்புறமா மண்டியிட வைக்கலாம். முதல்ல வெளிய வாங்க. சட்டை பூரா ஒட்டடை," என்றாள் மனைவி.

ஒட்டடையோடு வெளியே வந்தார். தன்னம்பிக்கை மட்டும் இம்மியும் குறையவில்லை. அவர் படம் போட்டுக்கொண்டிருந்த வாரப் பத்திரிகை மூடப்பட்ட பிறகும் அது குறையவில்லை. கல்யாண வீட்டு வரவேற்பில் விருந்தாளிகளை வரைந்தபோதும், பல் டாக்டரின் சுவரில் சிரிக்கும் கடைவாய்ப்பல்லை வரைந்தபோதும் குறையவில்லை. சும்மா இருக்கும் நாட்களில் அது சற்றுக் கூடவே செய்தது.

இன்றைய வேலை ஒரு மெத்தைக் கம்பெனியின் ஆண்டு விழா. வருகிறவர்களை உட்காரவைத்து வரைந்து கொடுக்கவேண்டும். சேர்மனையும் வரையவேண்டும். சேர்மனுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த வருஷத்துக் காலண்டர், பன்னிரண்டு பக்கமும், இவருக்கு. இதில் ஒரே சிக்கல், அந்தக் காலண்டர் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று போன வாரமே மச்சானிடம் அளந்துவிட்டிருந்தார்.

மனைவியின் அண்ணனான அந்த மச்சான் குழாய், வாஷ்பேசின் விற்கும் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. "பேசாம இங்க வந்து உக்காருங்க மாப்பிளே. குழாய் வாங்க வர்றவன் மூஞ்சிய ஓசியில வரைஞ்சு குடுங்க, கூட்டம் சேரும்" என்று அவர் எப்போது பார்த்தாலும் சொல்வார். ரோஷத்தில் இவரும், "காலண்டர் வரலேன்னா ஒண்ணாம் தேதி நானே வந்து அந்த நாற்காலியில உக்கார்றேன்" என்று சொல்லித் தொலைத்திருந்தார்.

"அண்ணன் இன்னிக்கு போன் பண்ணுவாரு. காலண்டர் எங்கேன்னு கேட்டா என்ன சொல்ல?"

"மாட்டறதுக்கு ஆணி அடிச்சு வைக்கச் சொல்லு."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. வரையும்போது யாரை வரையறீங்களோ அவங்க மாதிரியே மூஞ்சிய வச்சுக்காதீங்க. எங்க சித்தியை வரைஞ்சப்ப எல்லாரும் உங்களைப் பாத்துத்தான் சிரிச்சாங்க."

"படத்தைப் பாத்துச் சிரிச்சாங்க."

"ஆமா, படத்தை," என்று சொல்லி அவள் சட்டையைத் தட்டிவிட்டாள்.

தொழிற்சாலையின் மாடியில் விழா. புது ரப்பரும் பசையும் கலந்த வாடை. மேடைக்குப் பக்கவாட்டில் இவருக்கு ஒரு மேஜை, ஒரு சாய்வுப் பலகை, எதிரில் ஒரு நாற்காலி. பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சேர்மனே வந்தார். நெற்றி முன்னால் வந்தது, கீழுதடு அடுத்து வந்தது, சேர்மன் கொஞ்சம் பின்னால் வந்தார். மோவாயை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு அவர் பேசியபோது மோவாய் மூன்றானது. இடது புருவம் மட்டும் ஏறி நின்றது. கார்ட்டூனிஸ்டுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இப்படி ஒரு முகம் வாழ்நாளில் எத்தனை முறை வாய்க்கும்?

"தாராளமா கிண்டல் பண்ணுங்க மிஸ்டர் ஆர்ட்டிஸ்ட். என்னைப் பாத்து நானே சிரிக்கிறவன் நான்," என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் போனார்.

அவர் போனதும் அவருடைய செக்ரட்டரியம்மா ஃபைலை அணைத்தபடி வந்தார்.

"சார், நெத்தியை மட்டும் பெருசா போட்டுடாதீங்க."

"சரி."

"உதடும் வேணாம். மோவாய் விஷயத்துல அவர் ரொம்ப சென்சிடிவ். புருவத்தைத் தொட்டீங்கன்னா என் வேலை போயிடும்."

"அப்புறம் எதைத்தான் வரையறதும்மா?"

செக்ரட்டரியம்மா சற்று யோசித்தார். "காது வரையலாம். அளவா."

கார்ட்டூனிஸ்ட் அசரவில்லை. காதை வைத்தே ஒரு மனிதனைக் கவிழ்த்துவிட முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஊழியர்கள் வரிசையில் வந்தார்கள். இவரிடம் ஒரு தொழில் தந்திரம் உண்டு. உட்கார்ந்ததும், "வீட்ல உங்களை எதைச் சொல்லிக் கேலி பண்ணுவாங்க?" என்று கேட்பார். மூக்கு என்று சொன்னால் மூக்கைத் தொடவே மாட்டார். அந்த ஆள் உள்ளூரப் பெருமைப்படும் மீசையைப் பிடித்துக் காகிதத்தின் இரண்டு ஓரத்துக்கும் இழுத்துவிடுவார். ஆள் சிரித்துக்கொண்டே படத்தை வாங்கிப்போவார். டெலிவரி வேன் டிரைவர் தன் படத்தை மூன்று பேரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வந்து, "இன்னொண்ணு கிடைக்குமா சார், மாமனாருக்கு?" என்று கேட்டார்.

பிறகு சேர்மன் பேசினார். தூக்கம் என்பது ஒரு தவம் என்பதில் ஆரம்பித்தார். கம்பெனியின் சரக்கு மீது இத்தனை விசுவாசமுள்ள ஊழியர்களை எங்கும் பார்க்க முடியாது. மூன்றாவது வரிசையில் பாதிப் பேர் தவத்தில் இருந்தார்கள்.

பேச்சு முடிந்ததும் அவர் நேராக வந்து கார்ட்டூனிஸ்டுக்கு எதிரில் உட்கார்ந்தார். "எல்லாரும் இப்படி வாங்க" என்று கூப்பிட, கூட்டம் அவர் முதுகுக்குப் பின்னால் அரைவட்டமாக நின்றது.

பேனா காகிதத்தில் இறங்கியது. சேர்மன் வாய் மூடவில்லை. பார்வை கூரையில் இருந்தது, காது பின்னாலிருந்த கூட்டத்தில். பஞ்சு மெத்தை எப்படி அழிந்தது, தான் எப்படி அழியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவர் களுக்கென்றார். இன்னொருவர் இருமுவதுபோல் நடித்தார். சேர்மனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வருஷா வருஷம் சொல்லும் ஜோக்கை எடுத்துவிட்டார்.

"நம்ம மெத்தைல ஒரே ஒரு குறை இருக்கு. வாங்கினவன் எழுந்திரிச்சு அடுத்த மெத்தை வாங்க வர்றதே இல்ல!"

கூட்டம் வெடித்தது. செக்ரட்டரியம்மா ஃபைலின் மூலையைக் கடித்துக்கொண்டார். வேன் டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கார்ட்டூனிஸ்டின் உள்ளம் பூரித்தது. வெறும் காதுக்கே இந்தப் பாடா! அப்புறம்தான் உறைத்தது. பலகை தன் பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து படமே தெரியாது.

நிமிர்ந்தார். எதிரே, ஆட்களுக்கு நடுவில் தெரிந்த இடைவெளியில், விருதுக் கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரி. அதில் இன்னொரு சேர்மன் உட்கார்ந்திருந்தார். கீழுதடு பிதுங்கி, மோவாய் மூன்றாகி, இடது புருவம் மட்டும் உச்சிக்கு ஏறி, கையில் பிரஷ் பேனாவுடன். கைக்குத் தடை போட்டதெல்லாம் தன் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

சட்டென்று முகத்தைத் துடைத்துப்போட்டதுபோல் நேராக்கினார். அதோடு சிரிப்பு நின்றது. கையும் நின்றது. எந்தக் கோடு எங்கே போகவேண்டும் என்றே தெரியவில்லை. சேர்மன் அடுத்த ஜோக்கைச் சொன்னார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். சேர்மனின் முகம் சிறுத்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆச்சா? எவ்வளவு நேரம்?" என்றார், எரிச்சலோடு.

கார்ட்டூனிஸ்டின் கண்முன்னே கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி வந்து நின்றது. அதன்மேல் மச்சான் ஒரு தலையணைகூடப் போட்டு வைத்திருந்தார்.

சேர்மனின் பார்வை மறுபடி கூரைக்குப் போனதும் கார்ட்டூனிஸ்ட் கீழுதட்டைப் பிதுக்கினார். இந்த முறை தெரிந்தே, தாராளமாக. மோவாயை இழுத்தார். புருவத்தை ஏற்றி, சேர்மன் வாக்கியத்துக்கு முன் விடும் பெருமூச்சையும் ஒன்று சேர்த்தார். கூட்டம் மறுபடி குலுங்கியது. சேர்மன் மலர்ந்தார். மெத்தையின் உறை பற்றிச் சொன்னார், சிரித்தார்கள். வரி பற்றிச் சொன்னார், விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உத்தரவாதம் பத்து வருஷம்" என்றார். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேர்மன் எழுந்து கார்ட்டூனிஸ்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான் பேசி இப்படிச் சிரிச்சதே இல்லய்யா இவங்க! உங்க ராசி. காலண்டர் உங்களுக்குத்தான். ஒரு கண்டிஷன். வீட்ல உக்காந்து வரையக்கூடாது. மாசாமாசம் மீட்டிங்குக்கு வாங்க, இதே மாதிரி என் எதிர்ல உக்காருங்க. நான் பேசறேன், நீங்க வரையுங்க."

"அதுக்கென்ன சார். கலைஞனுக்கு நேர்ல பாக்கறதுதான் முக்கியம்."

படிக்கட்டோரமாகப் போய் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"அட! படம் அவ்வளவு பிடிச்சுப்போச்சா மாப்பிளே?"

"கூட்டமே ஆடிப்போச்சு. கோடுன்னா சும்மாவா?"

போனை வைத்துவிட்டு, பேனாக்களைப் பொறுக்க மேஜைக்குத் திரும்பினார். சேர்மன் படத்தை எடுத்துப்போகவில்லை. அது அங்கேயே கிடந்தது. அதன்மேல் யாரோ கேக் சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.