ஜோடி இல்லாத பட்டன்

எனக்குக் கோணல் பிடிக்காது. அடுத்தவர் வீடாகவே இருந்தாலும் சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் எழுந்து போய் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவேன். "உன் கை சும்மாவே இருக்காதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். இருக்காது. இருந்திருந்தால் இதைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

கோடை விடுமுறையில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் இரண்டு வாரம் கைவேலை வகுப்பு நடத்துகிறேன். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இருபத்திரண்டு வாண்டுகள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்து அழுத்தினால் பூ. ஐஸ் குச்சிகளை அடுக்கினால் வீடு. உள்ளங்கையைப் பெயிண்டில் அமுக்கித் தாளில் பதித்தால் மீன். எல்லாம் சுலபமான வேலை. சுலபமில்லாதவர்கள் கடைசி நாள் வந்து பார்க்கும் பெற்றோர்கள்தான்.

போன வருடம் ஒரு அம்மா தன் மகள் செய்த வண்ணத்துப்பூச்சியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதுக்குத்தானா ரெண்டு வாரமா அடிச்சுப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இனி என் கூடத்திலிருந்து கோணலாக ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அதனால் இந்த வருடம், பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் பசை டப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கொஞ்சம் 'ஃபினிஷிங்' செய்தேன். அந்தப் பெயர் நானே வைத்துக்கொண்டதுதான். ஏமாற்று வேலையை யாரும் ஏமாற்று வேலை என்றே சொல்லிக்கொள்வதில்லையே.

இரண்டாம் வாரம் புதன்கிழமை கடைசி வகுப்பு. ஆளுக்கொரு காகிதத் தட்டு கொடுத்து, வீட்டில் ஒருவருடைய முகத்தைச் செய்யச் சொன்னேன். கண்ணுக்குப் பட்டன், காதுக்கு அட்டை, முடிக்குக் கறுப்பு உல்லன் நூல், வாய்க்குச் சிவப்பு நூல். செய்த தட்டுகளை அன்றே வெளி நடையில், லிஃப்ட்டுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிடுவேன். வியாழனும் வெள்ளியும் குடியிருப்பில் போகிறவர் வருகிறவர் பார்க்கலாம். சனிக்கிழமை பெற்றோர் வந்து, எது தங்கள் முகம் என்று தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். இப்படி ஒரு விளையாட்டு.

பட்டாணி தன் அப்பாவைச் செய்தாள். ஆள் அவ்வளவு சின்னதாக இருப்பாள் என்பதால் எல்லாரும் அவளைப் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். பின் தெருவில் வீடு. அப்பா சலூன் வைத்திருக்கிறார், அம்மா மருந்துக்கடையில் வேலை. அம்மாதான் தினமும் கொண்டுவந்து விடுவார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று முதல் நாள் சொன்னார். என்ன உடம்பு என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது பெயர்ப் பட்டியல் சரிபார்க்கிற அவசரம்.

பட்டாணி அப்பாவின் காதில் அட்டையில் வெட்டிய சீப்பு ஒன்றைச் செருகினாள். அதில் பல் பல்லாக வெட்டியிருந்தாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கண்ணுக்கு வந்தபோது ஒரு பக்கம் சின்னக் கறுப்புப் பட்டன், மறு பக்கம் கோட்டுப் பட்டன் அளவுக்குப் பெரிய நீலப் பட்டன்.

"ஜோடியா எடு கண்ணு. டப்பாவுல எவ்வளவு இருக்கு பாரு."

"இல்ல டீச்சர், இப்படித்தான்."

"கண்ணு ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்?"

"இப்படித்தான் டீச்சர்" என்றாள், தலை நிமிராமல். வாயை ஒட்டினாள். சிவப்பு நூலின் ஒரு முனை கறுப்புப் பட்டனை நோக்கி ஏறியது, மறு முனை நீலப் பட்டனுக்குக் கீழே தொங்கியது. நூல் விலகாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு விரலால் வெகு நேரம் அழுத்திப் பிடித்திருந்தாள். பிடிவாதக் கழுதை என்று நினைத்தேன். அதைச் சொல்லவே இப்போது கூசுகிறது.

போகும்போது திரும்பி வந்து கேட்டாள். "இன்னைக்கே மாட்டிடுவீங்களா டீச்சர்? நிறையப் பேரு பாப்பாங்களா?"

"ஊரே பாக்கும், போ" என்றேன்.

எல்லாரும் போனபின் அவள் தட்டைத்தான் முதலில் எடுத்தேன். நீலப் பட்டன் கெட்டியாக ஒட்டியிருந்தது, நகத்தால் நெம்பித்தான் எடுத்தேன். அதை டப்பாவில் போட்டுவிட்டு இன்னொரு கறுப்புப் பட்டன் ஒட்டினேன். பழைய நூலை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு சிரிப்பு வைத்தேன். இரண்டு முனையும் ஒரே உயரம். தள்ளி நின்று பார்த்து, இப்போதுதான் மனுஷன் மாதிரி இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அப்புறம் மற்ற இருபத்தொன்றையும் ஒரு கை பார்த்தேன்.

மறுநாள் எங்கள் மூன்றாவது மாடி வாண்டு ஒன்று சுவருக்கு முன்னால் நின்று, "என்னோடது வேற மாதிரி இருந்துச்சே" என்றான். பசை காய்ந்தால் அப்படித்தான் ஆகும் என்றேன். கூசாமல் புளுகினேன். அவனும் நம்பி லிஃப்ட்டுக்குள் போனான்.

சனிக்கிழமை காலை நடை நிறையக் கூட்டம். எல்லாருக்கும் என்னைப் பாராட்ட ஏதாவது இருந்தது. "என் பையனா இவ்வளவு நீட்டா ஒட்டினான்? வீட்டுல ஒரு கவர் ஒட்டத் தெரியாது இவனுக்கு" என்று ஓர் அம்மா ஆச்சரியப்பட்டார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

அப்போதுதான் பட்டாணி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். உயரமான மனிதர். முகக்கவசம் மூக்குக்கு மேலே ஏறியிருந்தது. வாசலிலேயே நின்று, திரும்பிப் போகிறவர் மாதிரி ஒரு காலைப் பின்னால் வைத்திருந்தார். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு மாசம் ஆச்சு டீச்சர், இவரு வாசப்படி தாண்டி. ஒரு பக்க முகம் இழுத்துக்கிச்சு. கொஞ்சம் கொஞ்சமாச் சரியாகும்னுதான் டாக்டர் சொல்றாரு. ஆனா சலூன்ல நாலு பக்கமும் கண்ணாடி. முதல் நாளே கடையைப் பூட்டிட்டு வந்துட்டாரு."

"அடடா" என்றேன். எனக்கு இன்னும் உறைக்கவில்லை.

"இவதான் கூட்டிட்டு வந்தா. எல்லாரும் மொறைச்சுப் பாப்பாங்கடான்னாரு. அதுக்கு இவ, 'உன் மூஞ்சியை நான் ஏற்கெனவே அங்க மாட்டிட்டேம்பா. ரெண்டு நாளா எல்லாரும் பாத்துப் பாத்துப் பழகியிருப்பாங்க. நீ வந்தா ஒண்ணும் ஆகாது'ன்னா. அந்த ஒரு பேச்சுக்குத்தான் சட்டையை மாட்டுனாரு."

அவர் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தேன். ஒன்று இமைத்தது. மற்றொன்று இமைக்காமல், பெரிதாகத் திறந்தபடியே நீர் கோத்து நின்றது.

ஓடிப் போய் அந்தத் தட்டைக் கழற்றிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர்கள் சுவர் பக்கம் போய்விட்டார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு முறை முழுவதும் பார்த்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார். பிறகு சீப்பைக் கண்டார். அதற்கு முன்னால் நின்றார்.

"இது நான்தான்" என்றார். வாய் ஒரு பக்கம்தான் வேலை செய்ததால் பேச்சு குழறியது. "பழைய நான். நல்லாத்தான் செஞ்சிருக்கே பாப்பா."

பட்டாணி அண்ணாந்து தட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"இல்லப்பா. நான் இப்போ இருக்குற அப்பாவைத்தான் செஞ்சேன்."

அவர் அவள் தலையைத் தடவினார். "சரி வா, போலாம்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். மகளுக்கும் தன்னை இப்படிப் பார்க்கத்தான் ஆசை, வீட்டில் சொன்னதெல்லாம் ஒரு சமாதானம் என்று அவர் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது. அவர் போய்விட்டால் திரும்ப எப்போது வெளியே வருவாரோ தெரியாது. அதுவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் முன்னால் போய் என்ன சொன்னேன் தெரியுமா?

"பட்டன் கழண்டு விழுந்திருச்சு சார். அதான் வேற ஒண்ணு நான் ஒட்டினேன்."

இரண்டாவது புளுகு. இதற்கும் நாக்கு தடுமாறவில்லை.

பட்டாணி முகம் சுருங்கிப்போனது. தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் பசை கம்மியா வெச்சுட்டேனாப்பா?" என்று கேட்டாள். "நிறையத்தான் வெச்சேன். நூறு எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சேன். எனக்குச் சரியா அமுக்கத் தெரியலையாப்பா?" உதடு நடுங்கி அழுகை வந்துவிட்டது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. என் குற்றத்தை ஆறு வயசுப் பிள்ளை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு அழுகிறது, நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"இல்ல கண்ணு, விழல" என்றேன். "நான்தான் பிச்சு எடுத்தேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ ஒட்டுனது கெட்டியாத்தான் இருந்துச்சு. கோணலா இருக்குன்னு நான்தான் மாத்துனேன். வாயையும் நான்தான் மாத்துனேன். நீ அப்பவே சொன்னே, நான்தான் கேக்கல. சார், அவ உங்களைச் சரியாத்தான் செஞ்சா."

அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பட்டன் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கூடத்துக்குள் ஓடிப் பட்டன் டப்பாவை மேசையில் கவிழ்த்துத் துழாவினேன். எல்லாமே ஜோடி ஜோடியாக வந்தது. கடைசியில் அடியில் கிடந்தது நீலம், முதுகில் என் நகக்கீறலோடு. சிவப்பு நூலையும் பசையையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் தட்டைச் சுவரிலிருந்து கழற்றி, குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார். பட்டாணி அவருக்கு முன்னால் தரையில் இருந்தாள். என் கை தன்பாட்டில் பசை மூடியைத் திருகப் போனது.

"நீங்க தொடாதீங்க டீச்சர்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

நீலப் பட்டனை ஒட்டி, உதடு அசைய நூறு வரை எண்ணினாள். அப்புறம் என் சிரிப்பை உரித்துப் போட்டுவிட்டு, புது நூலைத் தட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அப்பா, வாயைக் காட்டு. எவ்வளவு இறங்கும்னு மறந்துருச்சு."

அவர் அசையவில்லை. நடையில் முப்பது நாற்பது பேர் இருந்தோம். யாரும் எங்கும் போகவில்லை, யாருக்கும் எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை.

"சீக்கிரம்பா, பசை காயுது."

அவர் கவசத்தை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டார். பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள், நூலைக் கொஞ்சம் கீழே இறக்கினாள், மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். "சிரிக்காத, மாறுது" என்று அதட்டினாள். அவர் சிரித்துவிட்டிருந்தார். ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

அவரே எழுந்து தட்டைப் பழைய ஆணியில் மாட்டினார். கவசத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேறொரு பிள்ளையின் அப்பா அவர் பக்கத்தில் போய், கடை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார். "பாக்கலாம்" என்றார் அவர்.

இத்தோடு என்னை விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். வீட்டுக்குப் போய், ஒப்புக்கொண்டுவிட்டோமே என்று கொஞ்சம் நிம்மதிகூட அடைந்திருப்பேன். அதற்குள் மூன்றாவது மாடி வாண்டு தன் தட்டைக் கழற்றிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றான்.

"டீச்சர், என்னோடதுல எதை மாத்துனீங்க?"

அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி தட்டோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. இரண்டு வாரமாக நான் பழக்கியது, தானாகவே நின்றார்கள். நீட்டாக ஒட்டிய பையனின் அம்மா கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசைக்கு மேலே சுவரில் மிச்சமிருந்த முகங்களைப் பார்த்தேன். சீப்பு வைத்தது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தன.

"வாயும் காதும்" என்றேன் அவனிடம்.

அவன் தட்டைத் தரையில் வைத்து, அதில் செய்திருந்த அம்மா முகத்தின் காதைப் பிய்த்து எடுத்தான். அதை என்னிடம் நீட்டினான்.

"நான் எப்படி வெச்சிருந்தேன்? நீங்க சொல்லுங்க, நான் ஒட்டிக்கிறேன்."

அந்தக் காது மேலே இருந்ததா, கீழே இருந்ததா, பெரிதா, சின்னதா, எதுவுமே எனக்கு நினைவில் வரவில்லை. தப்பாக இருந்தது என்பது மட்டும்தான் நினைவிருந்தது. அவன் காதை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் நின்றிருந்தார்கள்.